வீடு மாறும் நாளில் பால் கறப்பவர்

உழவர் குடும்பம் வீடு மாறுவது நகரத்தில் வாடகை வீடு மாறுவதைப் போன்றதன்று. நகரத்தில் சாமான்கள் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். தோட்டத்தில் மனிதரோடு மாடும் ஆடும் கோழியும் நாயும், விதைநெல்லும் வைக்கோற்போரும், அம்மியும் ஆட்டுக்கல்லும், முன்னோர் நினைவாக ஏற்றிவரும் விளக்கும் இடம் மாறுகின்றன. நிலம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். அதில் நிற்கும் பயிருக்கு அன்றைக்கும் தண்ணீர் வேண்டும். எனவே குடிபோகும் நாளிலும் தோட்டத்து வேலை ஒரு வேளைகூட நிற்பதில்லை. இந்த இரட்டைச் சுமையை ஒரு குடும்பம் தனியாகத் தாங்க முடியாது. உறவும் அக்கம்பக்கமும் வந்து கை கொடுத்தாக வேண்டும். அப்படி வருகிறவர்கள் செய்வது பழைய கடனைத் தீர்ப்பதா, இரக்கப்பட்டுக் கொடுப்பதா, இரண்டிலும் சேராத வேறோர் அறமா? தமிழ் அறநூல்களும் தமிழர் பின்பற்றும் சமயங்களும் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடைகளை வைத்திருக்கின்றன.

வீடு மாறும் சமயங்கள்

உழவர் வீடு மாறும் சமயங்களை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, ஊருக்குள் இருக்கும் வீட்டை விட்டுத் தோட்டத்துக்கே குடிபோவது. கொங்கு நாட்டில் நிலத்தின் நடுவே கட்டிய வீட்டைச் சாளை என்பார்கள். கிணறும் கொட்டகையும் பக்கத்திலேயே இருப்பதால் இரவில் தண்ணீர் கட்டவும் சினைமாட்டைப் பார்த்துக்கொள்ளவும் சாளை வசதி. இரண்டாவது, அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு ஒருவர் தனிக்குடித்தனம் போவது. மூன்றாவது, பழைய ஓட்டுவீட்டைப் பிரித்துப் புதுவீடு கட்டும்வரை கொட்டகையிலோ பங்காளி வீட்டுத் திண்ணையிலோ ஒண்டியிருந்துவிட்டுத் திரும்புவது. நான்காவது, அணைக்கோ சாலைக்கோ நிலத்தைக் கொடுத்துவிட்டு மனமில்லாமல் வெளியேறுவது.

நான்காம் வகையின் பழைய சாட்சி காவிரிக்குள் கிடக்கிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் நன்றாக இறங்கும் காலங்களில் பண்ணவாடிப் பகுதியில் பழைய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், கிறித்தவ ஆலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரிகின்றன. மனிதர்கள் பானைசட்டிகளோடு கரையேறிய பிறகும் அவர்கள் கும்பிட்ட இடங்கள் தண்ணீருக்குள் நின்றுவிட்டன.

கும்பிட்ட இடத்தை விட்டுப் போக நேர்ந்தவர்கள் கண்ட வழி பிடிமண். குலதெய்வத்தின் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் துணியில் முடிந்துகொண்டு போய், குடியேறும் ஊரில் அந்த மண்ணை வைத்துத் தெய்வத்தை நிலைநிறுத்துவார்கள். தமிழ்நாட்டில் ஒரே பெயருள்ள நாட்டார் தெய்வங்கள் தொலைவான ஊர்களில் கோயில் கொண்டிருப்பதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணம். இடம் என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று, உறவும் நினைவும் சேர்ந்தது என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. அதையே எண்ணித்தான் புதுவீட்டுக்குள் எதை முதலில் கொண்டுபோவது என்பதிலும் ஒழுங்கு வைத்தார்கள். விளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, சாமி படம் இவை முதலில் போகும். பீரோவும் கட்டிலும் பிறகுதான். பல வீடுகளில் இவற்றுக்கும் முன்னால் பசுவும் கன்றும் வாசல்படி ஏறும். அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சிப் பொங்கவிட்ட பிறகே அது குடியிருக்கும் வீடாகிறது.

நிற்காத வேலை

குடிபோகும் நாள் பின்னிரவிலேயே தொடங்கிவிடும். பால் காய்ச்சும் நல்ல நேரம் பெரும்பாலும் சூரியன் எழுமுன் அமைகிறது. அதற்குள் சமையல் பாத்திரங்கள் போய்ச் சேர வேண்டும், புதுவீட்டு வாசலில் கோலம் விழ வேண்டும். அதே நேரத்தில் பழைய வீட்டில் மாடு கறக்க வேண்டும், சாணி வழிக்க வேண்டும், தீனி வைக்க வேண்டும், வண்டி வருமுன் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்ட வேண்டும்; அந்த நேரம் தவறினால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். மாலையில் ஆட்டைப் பட்டியில் விட வேண்டும், கோழியை அடைக்க வேண்டும். நல்ல நாள் என்று பஞ்சாங்கம் சொல்வது மனிதருக்கு. மாட்டின் மடிக்கும் பயிரின் வேருக்கும் எல்லா நாளும் ஒன்றுதான்.

இவற்றில் மிகக் கடினமானது பால் கறப்பது. சுமையைத் தூக்க யார் வேண்டுமானாலும் வரலாம். மாடு எல்லாக் கைக்கும் பால் விடாது. கன்று முட்டும்போதும் பழகிய கை மடியைத் தொடும்போதும் மாட்டின் உடலில் ஆக்ஸிடோசின் என்னும் இயக்குநீர் சுரந்து பால் இறங்குகிறது. பயந்துவிட்டால் அட்ரினலின் அதைத் தடுத்துவிடுகிறது. ஒரு வேளை கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். மடிநோய்க்கும் அது வழி. ஆகவே வீட்டுக்காரி புதுவீட்டு அடுப்படியில் இருக்க வேண்டிய அதே வேளையில், மாடு ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒருவர் கொட்டகையில் இருந்தாக வேண்டும்.

இதற்கு உறவுப் பெண்கள் கையாளும் ஒரு முறை உண்டு. நாத்தனாரோ ஓரகத்தியோ முதல்நாள் மாலையே வந்து, வீட்டுக்காரியின் பக்கத்தில் நின்று மாட்டுக்குத் தன் வாசனையைப் பழக்கிக்கொள்கிறாள். பின்னிரவில் எழுந்து, வீட்டுக்காரி கட்டிக் கழற்றிப் போட்ட பழைய புடவையைத் தன்மேல் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைகிறாள். வீட்டுக்காரி எந்தப் பெயர் சொல்லி அழைப்பாளோ அதே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கன்றை அவிழ்த்து முட்டவிட்டு, மடியைக் கழுவுகிறாள். மாடு ஒருமுறை தலையைத் திருப்பி மோந்து பார்க்கிறது. புடவையின் வாசனை தெரிந்தது. மாடு அசைபோடத் தொடங்குகிறது. தூக்கின் அடியில் பால் விழும் சத்தம் கேட்கிறது. பிறருக்கு உதவுவது என்பது பிறர் நிற்கும் இடத்தில் போய் நிற்பது என்பதை அறநூல்கள் பல அதிகாரங்களில் விளக்குகின்றன. கொட்டகையில் அது ஒரு பழைய புடவையால் நடந்துவிடுகிறது.

ஒப்புரவு, ஈகை, குறியெதிர்ப்பை

திருக்குறள் உதவியை ஒரே சொல்லில் அடக்குவதில்லை. அறத்துப்பாலில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23ஆம் அதிகாரம் ஈகை. அடுத்தடுத்து வரும் இரண்டும் வேறு வேறு அறங்கள். ஈகை என்பது இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு என்பது கூடி வாழும் மனிதர் ஒருவருக்கொருவர் பொருத்தமறிந்து நடந்துகொள்வது. ஈகையில் கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே என்ற ஏற்றத்தாழ்வு வந்துவிடக்கூடும். ஒப்புரவில் அதற்கு இடமில்லை. ‘ஒப்பு’ என்ற சொல்லே அதைத் தடுத்து நிற்கிறது. வீடு மாறும் பங்காளிக்கு உதவப் போகிறவர் ஏழைக்கு இரங்கிப் போகவில்லை. நிலமும் மாடும் அவருக்கு இருப்பதுபோலவே இவருக்கும் இருக்கின்றன. அன்று அங்கே ஆள் தேவை, அதனால் போகிறார்.

ஈகை அதிகாரத்தின் முதற் குறள் இன்னொரு பழஞ்சொல்லையும் தருகிறது: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, வாங்கிய அளவே திருப்பிக் கொடுப்பதற்கு அது பெயர். பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி, அறுவடை முடிந்ததும் ஒரு படி அரிசி கொடுப்பது இவ்வகை. இன்றைய கிராமத்துக் கைமாற்றின் முன்னோடி அது. வறியவருக்குக் கொடுப்பதே கொடை, மற்றவை இந்த அளவுக்கணக்கில் சேரும் என்பது அக்குறளின் கருத்து. ஆக, மனிதர் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதில் மூன்று வகை கிடைக்கிறது. அளந்து வாங்கி அளந்து தருவது குறியெதிர்ப்பை. இல்லாதவருக்குத் தருவது ஈகை. அளவும் ஏற்றத்தாழ்வும் இன்றிச் செய்வது ஒப்புரவு.

ஒப்புரவு அதிகாரம் காட்டும் உவமைகளும் கவனிக்கத் தக்கவை. மழைக்கு உலகம் எதையும் திருப்பிச் செய்வதில்லை என்பது முதல் உவமை. ஊரார் குடிக்கும் குளம் நிறைந்திருப்பது, ஊர் நடுவே பழமரம் பழுத்து நிற்பது, எல்லாப் பகுதியும் மருந்தாகும் மரம் என்பன பின்னால் வருகின்றன. நான்கும் உழவர் வாழும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். நான்கிலும் கொடுப்பவர் யார் என்று எழுதி வைப்பதில்லை. வசதி சுருங்கிய காலத்திலும் கடமை அறிந்தவர் இதில் தளர மாட்டார் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. உதவ வருகிறவருக்கும் வீட்டில் மாடு உண்டு, வயலில் களை உண்டு. வேலை ஓய்ந்த காலத்தில் மட்டும் செய்வதென்றால் அது ஒப்புரவாகாது.

அதிகாரத்தின் பெயரில் உள்ள ‘அறிதல்’ என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் முக்கியமானது. உலக நடை என்பது வேத நடை போல நூல்களில் விதித்துச் சொல்லப்படுவதன்று. மனிதர் தாமே அறிந்து செய்ய வேண்டியது. அதனால்தான் ‘ஒப்புரவறிதல்’ என்று பெயர் வந்தது என்கிறார் அவர். ஒப்புரவுக்குச் சட்டமும் பட்டியலும் கிடையாது. எந்த வீட்டில் எந்த நேரத்தில் எது குறைகிறது என்பதைக் கண்ணால் பார்த்து, மனத்தால் உணர்ந்துதான் செய்ய முடியும்.

வீடு மாறும் நாளில் இந்த அறிதலின் பயன் நேரடியாகத் தெரியும். வாசலில் வந்து நின்று “நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்பவர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்காரருக்கு இன்னொரு வேலையாகிவிடுகிறது. அலைமோதும் மனத்தோடு அவர் யோசித்து, பிரித்து, ஏவ வேண்டியிருக்கிறது. அறிந்தவர் கேட்பதில்லை. கொட்டகையில் மாடு கத்துவதைக் கேட்டு அங்கே போகிறார். மடை திருப்ப ஆளில்லை என்று கண்டு மண்வெட்டியை எடுத்துக்கொள்கிறார். பாட்டி ஒரு மூலையில் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் காபி போட்டுக் கொடுக்கிறார். பொருத்தமறிந்தவனையே உயிருள்ளவனாகவும் மற்றவனை இறந்தவர்களில் ஒருவனாகவும் இந்த அதிகாரம் எண்ணுவது கடுமையான தீர்ப்பு. கொட்டகையின் பக்கம் ஒருவரும் போகாத வீட்டைப் பார்த்தவருக்கு அந்தக் கடுமையின் நியாயம் புரியும்.

கடனாகிறதா?

உதவி உண்மையில் கைம்மாறு கருதாததா என்ற ஐயம் நியாயமானது. கிராமத்தில் யார் யாருக்கு எப்போது வந்தார்கள் என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வராதவரைப் பற்றிய பேச்சு பல ஆண்டுகள் நீள்கிறது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில், கொடுப்பது, ஏற்பது, திருப்பித் தருவது என்னும் மூன்று கடமைகள் சேர்ந்தே கொடை இயங்குகிறது என்று காட்டினார். வெறும் அன்பால் தரப்படுவதாகத் தோன்றும் கொடைக்குள்ளும் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் ஒளிந்திருக்கிறது என்பது அவர் கருத்து.

தமிழகத்தின் மொய் வழக்கம் அவர் சொன்னதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விழா வீட்டின் வாசலில் மேசை போட்டு, நோட்டுப் புத்தகத்தில் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதுவார்கள். பிறகு மொய் வைத்தவர் வீட்டு விழாவில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துச் செய்வார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் வாங்குவதற்கென்றே மொய் விருந்து வைக்கிறார்கள். வங்கியை அண்ட முடியாத குடும்பத்துக்கு ஒரே நாளில் பெருந்தொகை கிடைக்கும் ஏற்பாடு அது. அதன் பயனைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அறநூல் மொழியில் அது குறியெதிர்ப்பையே. எழுத்தில் வந்த கணம் முதல் அது தீர்க்க வேண்டிய கணக்கு.

புதுவீட்டு விழாவிலும் மொய் நோட்டு உண்டு. 500 ரூபாய் வைத்தவரின் பெயர் அதில் ஏறுகிறது. அன்று பின்னிரவில் மாடு கறந்தவரின் பெயரும், கழுத்து நரம்பு புடைக்க ஆட்டுக்கல்லை உருட்டி ஏற்றியவரின் பெயரும் அதில் இல்லை. இந்த வேறுபாட்டில்தான் கேள்விக்கு விடை இருக்கிறது. உடலால் செய்த உதவியும் நினைவில் நிற்கிறது, திரும்பவும் செய்யப்படுகிறது. ஆனால் யாரும் அதை அளப்பதில்லை. அளக்காததால் அது ஒருநாளும் தீர்ந்துபோவதில்லை. மொய்க் கணக்குச் சரியானதும் இரண்டு வீடுகளும் விலகிக்கொள்ளலாம். ஒப்புரவில் கணக்குச் சரியாகும் நாள் என்று ஒன்று இல்லாததால் உறவு தொடர்கிறது. செய்ந்நன்றியறிதல் அதிகாரமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது: பதிலுதவியின் அளவு செய்த உதவியின் அளவைப் பொறுத்ததன்று, உதவி பெற்றவரின் பண்பைப் பொறுத்தது.

பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாக வகுக்கிறது. கொடுப்பது கடமை என்று எண்ணி, உரிய இடத்தில், உரிய காலத்தில், திருப்பிச் செய்ய இயலாதவருக்குத் தருவது சாத்துவிகம். பதிலை எதிர்பார்த்தோ மனம் நொந்தோ தருவது ராஜசம். இடமும் காலமும் தகுதியும் பாராமல், மதிப்பில்லாமல் தருவது தாமசம். வீடு மாற உதவ வந்து, வேலை முழுவதும் முணுமுணுத்துக்கொண்டே செய்பவரின் உழைப்பை எந்தத் தட்டில் வைப்பது என்பதற்கு இந்தப் பகுப்பு வழிகாட்டுகிறது. பெட்டி போய்ச் சேர்ந்துவிடும். அதைத் தூக்கிய மனத்தின் சலிப்பு அந்த வீட்டின் முதல் நாளில் தங்கிவிடும்.

மோஸ் சொன்ன மூன்றில் ஏற்பது என்ற கடமை எளிதாக மறக்கப்படுவது. உதவியைப் பெற்றுக்கொள்வதற்கும் பக்குவம் வேண்டும். “யாருக்கும் தொந்தரவு கொடுக்க வேண்டாம்” என்று எல்லாவற்றையும் தாமே இழுத்துப் போட்டுக்கொள்ளும் உழவர் தன்மானம் மிக்கவராகத் தோன்றலாம். ஆனால் அவர் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லாமல் சொல்வது, ‘நாளை நீங்களும் என்னைக் கூப்பிட வேண்டாம்’ என்பதுதான். கூப்பிடுவதும் ஓர் அறம். வந்தவர்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, அவர்கள் கை கழுவிய பின் தாம் உண்பது அந்த அறத்தின் மறுபாதி.

சுமையைப் பற்றிப் பிற சமயங்கள்

கிறித்தவ மறையில் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில், ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். மூன்று வசனம் தள்ளி, ஒவ்வொருவரும் தத்தம் சுமையைச் சுமக்க வேண்டும் என்கிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு இடங்களிலும் ‘பாரம்’ என்ற ஒரே சொல் வருவதால் முரண்போலத் தெரியும். கிரேக்க மூலத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். முதலாவது அழுத்தி நசுக்கும் பெருஞ்சுமையைக் குறிக்கும் ‘பாரோஸ்’. இரண்டாவது ஒருவர் தம் பங்குக்குத் தூக்கும் மூட்டையைக் குறிக்கும் ‘போர்தியோன்’. குடும்பம் தன் முடிவையும் பொறுப்பையும் தானே சுமக்க வேண்டும். அதை முறிக்கும் அளவுக்கு வரும் சுமையில் மற்றவர் தோள் சேர வேண்டும். எதை விட்டுவிடுவது, எதைக் கொண்டுபோவது என்று முடிவு செய்யும் வேலையில் தலையிடாமல், நெற்குதிரைத் தூக்கும்போது மட்டும் கை கொடுக்கும் பெரியவர்கள் இந்த வேறுபாட்டை நடைமுறையில் அறிந்தவர்கள்.

குர்ஆனின் 107ஆம் அத்தியாயம் 7 வசனங்கள் மட்டுமே கொண்டது. அதன் பெயர் அல்-மாஊன். அனாதையை விரட்டுபவரையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவரையும், பிறர் பார்க்கத் தொழுபவரையும் கண்டித்த பிறகு, இறுதியில் அது மாஊனைத் தர மறுப்பவரைக் கண்டிக்கிறது. விரிவுரையாளர்கள் பலர் இந்தச் சொல்லுக்கு அண்டை வீட்டார் இரவல் கேட்கும் பாத்திரம், கோடாரி, வாளி போன்ற அன்றாடப் பொருள்கள் என்று விளக்கம் தருகிறார்கள். வீடு மாறும் நாளில் கேட்கப்படுபவை இவைதான்: ஓர் அண்டா, ஒரு கடப்பாறை, இரண்டு வடக்கயிறு, ஒரு சாக்கு. இவற்றைத் தர மறுப்பதைத் தொழுகையின் பொய்மையோடு ஒரே மூச்சில் கண்டிக்கிறது அந்த அத்தியாயம். இறைவனை வணங்குவதும் பக்கத்து வீட்டுக்குக் கயிறு தருவதும் இரண்டு தனி வாழ்க்கைகள் அல்ல என்பது அதன் செய்தி.

எழுதப்படாத கைகள்

ஒப்புரவைப் பற்றிப் பேசும் எந்த எழுத்தும், கிராமத்தில் யாருடைய உழைப்பு உதவி என்று பெயர் பெற்றது, யாருடையது பெறவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையானதாகாது. நிலவுடைமைக் குடும்பம் வீடு மாறியபோது கனத்த சாமான்களைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் தலித் பண்ணையாட்கள். நெற்குதிரையும் உரலையும் புதுவீட்டு வாசல்வரை கொண்டுவந்த தோள்கள் வாசல்படியைத் தாண்ட அனுமதிக்கப்படவில்லை. உறவினர் ஒரு மூட்டை தூக்கினால் அது அன்பு. பண்ணையாள் ஐம்பது மூட்டை தூக்கினால் அது அவர் செய்யக் கடமைப்பட்ட வேலை. அவர் வீட்டுக் கூரை ஒழுகிய நாளில் யாரும் தென்னங்கீற்று எடுத்துக்கொண்டு போகவில்லை.

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் கட்டாயத்தை நீக்கலாம். ‘ஒப்பு’ என்ற சொல்லை வாழ்க்கையில் நிறைவேற்றுவது அவரவர் கையில் இருக்கிறது. சமமாக உட்கார வைத்துச் சோறு போடாத இடத்தில் நடப்பது ஒப்புரவன்று. திரும்பிப் போகாத உதவியும் ஒப்புரவன்று. ஒரு திசையில் மட்டும் ஓடும் உழைப்புக்கு அறநூலில் வேறு பெயர் தேட வேண்டியதில்லை, அது சுரண்டல்.

பெண்களின் உழைப்பும் இப்படித்தான் பார்வைக்கு வெளியே நிற்கிறது. இருபது பேர் சாமான் ஏற்ற வந்தால் இருபது பேருக்கும் காலைப் பலகாரமும் மதியச் சோறும் ஆக வேண்டும். பழைய அடுப்பைக் கடைசியாக அணைப்பதும் புது அடுப்பை முதலில் மூட்டுவதும் பெண்கள். பாத்திரங்களைக் கரி போகத் தேய்த்துக் கட்டி, எந்த டப்பாவில் எந்தப் பருப்பு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பசிக்குமுன் சோறு ஊட்டியவரிடம் மாலையில் யாரும் ‘உதவினீர்கள்’ என்று சொல்வதில்லை. வீட்டு வேலை என்ற பெயர் அதை மறைத்துவிடுகிறது.

பிரிவுக்குத் துணை நிற்றல்

பாகப்பிரிவினையில் வீடு மாறுவது தனிவகைச் சோதனை. அங்கே உதவுவது உறவை நெருக்கமாக்கும் வேலையாகத் தெரியாது, பிரிந்து போக வழிசெய்வதாகவே தெரியும். பத்திரத்தில் கையெழுத்தாகி, கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர் எடுப்பது என்று பேசி முடித்து, களத்தில் நடுக்கோடு போட்டாயிற்று. மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. தம்பி சாமான் ஏற்றும் நாளில் அண்ணன் வாசலுக்கு வருவாரா என்று ஊரே பார்த்திருக்கும்.

யூத மரபின் பழைய சட்டம் ஒன்று இதற்குப் பொருந்தும். யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில், உன்னைப் பகைக்கிறவனின் கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடப்பதைக் கண்டால் ஒதுங்கிப் போகாதே, அதை எழுப்ப அவனுக்கு உதவு என்று சொல்லப்படுகிறது. மனம் ஒத்துவந்த பிறகு கை கொடு என்று அது சொல்லவில்லை. சுமை கண்ணில் பட்டதும் கை கொடுக்கச் சொல்கிறது. இருவரும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளைப் பிடித்து இழுக்கும்போது, பேசித் தீராதது கொஞ்சம் தளரக்கூடும். கொல்வது போன்ற தீமையை ஒருவர் செய்தாலும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நாம் நினைத்தால் அந்தத் தீமை மறையும் என்று குறள் சொல்வதும் இந்த இடத்துக்கு உரியதே.

பிரிந்து போக உதவுவது என்பதில் இன்னும் ஆழமான சமயக் கருத்து ஒன்றும் இருக்கிறது. தமிழில் ‘வீடு’ என்ற சொல் குடியிருக்கும் மனையையும் குறிக்கிறது, பிறவியிலிருந்து பெறும் விடுதலையையும் குறிக்கிறது. பெறு என்பது பேறு ஆவதும் கெடு என்பது கேடு ஆவதும் போல, விடு என்பதன் முதலெழுத்து நீண்டு வீடு ஆயிற்று. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கில் கடைசியாக நிற்பது அது. பற்றிக்கொள்ளும் இடத்துக்கும் பற்றை விடுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், வீடு மாறுவது வெறும் போக்குவரத்துக் காரியமாக இருக்க முடியாது.

திருக்குறளின் 34ஆம் அதிகாரமான நிலையாமை, உயிருக்கும் உடலுக்கும் உள்ள உறவை விளக்கக் குடியிருப்பையே உவமை ஆக்குகிறது. நிலையாகக் குடிபுகும் மனைக்குப் புக்கில் என்றும், ஒண்டிக் குடியிருக்கும் இடத்துக்குத் துச்சில் என்றும் பெயர். உடலில் ஒதுங்கியிருந்த உயிருக்கு இன்னும் ஒரு புக்கில் கிடைக்கவில்லையோ என்று அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் வினவுகிறது. பாட்டனார் கட்டிய வீட்டை விட்டு இறங்கும் முதியவர் நிலைக்கதவைத் தடவிப் பார்க்கும்போது அந்தக் குறளின் பொருள் படிக்காமலே அவருக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் நிற்பவர் தூக்க வேண்டிய சுமை எதுவும் இல்லை. அவசரப்படுத்தாமல் நிற்பதுதான் அப்போது செய்யக்கூடிய உதவி.

மாடும் நாயும் இந்தப் பற்றை மறைப்பதில்லை. புதுக் கொட்டகையில் கட்டிய மாட்டுக்குச் சில நாள் பால் குறையும். கயிறு அவிழ்ந்தால் பழைய தொழுவத்துக்கே நடந்துவிடும். நாய் பழைய வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவற்றைத் திட்டாமல் நான்கு நாள் திரும்பத் திரும்ப அழைத்து வருகிறவர் இருக்கிறாரே, அவருடைய பொறுமையும் வீடு மாற்றும் உதவியில் ஒரு பகுதிதான்.

வாங்க முடிந்ததும் முடியாததும்

இன்று கிராமங்களிலும் வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. குட்டி யானை என்று ஊரார் சொல்லும் சிறு சரக்கு வண்டி இரண்டு நடையில் பெரும்பகுதிச் சாமானைக் கொண்டுபோய்விடும். டிராக்டர் டிப்பரில் வைக்கோல் போகும். ஏற்றி இறக்கக் கூலிக்கு ஆள் வருவார்கள். இதில் குறையொன்றும் இல்லை. உரிய கூலி கொடுத்து வேலை வாங்குவது, கூலியில்லாமல் பண்ணையாளை ஏவியதைவிட ஆயிரம் மடங்கு அறமானது.

பணத்துக்கு வாங்க முடிந்தவை இவ்வாறு விலகிய பிறகு, வாங்க முடியாதவை எவை என்பது தெளிவாகிறது. மாடு மோந்து பார்த்து ஒத்துக்கொள்ளும் கையைக் கூலிக்குப் பிடிக்க முடியாது. எந்த மடையை எப்போது திருப்ப வேண்டும் என்று அறிந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரையும், அழும் பாட்டியின் அருகில் பேசாமல் உட்காரும் மருமகளையும் வாடகைக்கு எடுக்க முடியாது. இவர்கள் வந்து நிற்கும் வீட்டில் குடிமாற்றம் ஒரு குடும்பத்தின் தனிக்காரியமாக முடிவதில்லை. ஊர் அதில் பங்கு கொள்கிறது.

கடனா, கொடையா என்ற முதற் கேள்விக்கு இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் விடை இது: குடிபோகும் குடும்பத்துக்குச் செய்யும் உதவி அளந்து தீர்க்கும் கடனன்று, மேலிருந்து கீழே தரும் கொடையுமன்று. சமமாக வாழ்பவர் சமமாக வாழ்பவருக்கு, கேட்குமுன் அறிந்து செய்யும் ஒப்புரவு அது. எல்லோரும் பார்க்கும் வேலையைவிட ஒருவரும் பார்க்காத வேலையில்தான் அதன் உண்மை தெரியும். புதுவீட்டு அடுப்பில் பால் பொங்கும்போது கூடியிருப்பவர்கள் கைகூப்புகிறார்கள். அந்தப் பால், இருட்டு விலகாத கொட்டகையில் வீட்டுக்காரியின் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி கறந்த பால்.